காலை எட்டு மணி வரை கோபம்

எங்கள் வீட்டில் வாயாடி யார் என்று கேட்டால் எல்லோரும் அக்காவைத்தான் காட்டுவார்கள். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது. வாயால் ஒரு சொல்கூடப் பேசியதில்லை. பேச்சு முழுவதும் கையில்தான். பாத்திரம் தேய்க்கும்போது நடுவில் ஏதாவது நினைவு வந்துவிட்டால் கழுவி முடிக்கும் வரை பொறுக்க மாட்டாள். நுரையோடு திரும்பிப் பேசத் தொடங்கிவிடுவாள். எதிரே நிற்பவர் முகத்தில் சோப்புத் துளி தெறிக்கும்.

"மத்தவங்க வாயில சோத்தை வச்சுக்கிட்டுப் பேசுவாங்க. எங்க அக்கா கையில நுரையை வச்சுக்கிட்டுப் பேசுவா" என்பார் என் கணவர். அவர் அவளுடைய ஒரே தம்பி.

கல்யாணத்துக்கு முன் மூன்று மாதம், வேலை முடிந்து சந்திக்கும் போதெல்லாம், அவர் எனக்குச் சைகை சொல்லித் தந்தார். வேறு பேச்சு பேச நேரமே இருக்கவில்லை. "நீ எங்க அக்காகிட்ட நேராப் பேசணும். நடுவுல நான் நின்னு மொழிபெயர்த்தா, கடைசியில ரெண்டு பேரும் சேர்ந்து என்னைத்தான் திட்டுவீங்க" என்றார். முதல் முறை அக்காவின் முன்னால் நின்று தட்டுத்தடுமாறி நான்கு வாக்கியம் பேசினேன். பொறுமையாகப் பார்த்தாள். பிறகு, "நல்லாத்தான் பேசுற. ஆனா டிவியில செய்தி வாசிக்கிற மாதிரி முகத்தை வச்சிருக்க. சிரிச்சுக்கிட்டே பேசு, இல்லேன்னா யாரோ செத்துட்டாங்கன்னு நினைப்பாங்க" என்றாள்.

காது கேளாதவர்களுக்குள் ஒவ்வொருவருக்கும் சைகையில் ஒரு பட்டப்பெயர் உண்டு. எனக்கு அவள் அன்றைக்கே வைத்துவிட்டாள்: மூக்கிலிருந்து நழுவும் கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளுவது. அவளுடைய பெயர், கண்ணோரத்தில் திருகாணி முடுக்குவது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை என்பதால் வந்த பெயர். தெரியாதவர்கள் பார்த்தால் மூளை கழன்ற ஆளைச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். அதில் அவளுக்குத் தனிப் பெருமை.

கடையின் பின்னறைதான் அவளுடைய இடம். சன்னலை ஒட்டி ஒரு மேசை. லென்ஸின் ஓரத்தை அரைக்கும் சக்கரம். உப்புக் கல்லைவிடச் சிறிய திருகாணிகளைக் கிண்ணம் கிண்ணமாகப் பிரித்து வைத்த தட்டு. பக்கத்தில், பிளாஸ்டிக் பிரேமை இளக்குவதற்காகக் கண்ணாடி மணிகளைச் சூடாக்கி வைத்திருக்கும் ஒரு சின்ன மின்னடுப்பு. இருபது வருடம் அந்த மேசையில் உட்கார்ந்து ஊரில் பாதிப் பேரின் கண்ணாடியைச் சரிசெய்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் காது கேளாதோர் சங்கத்துக்குப் போவாள். அங்கே நாற்காலிகளை வட்டமாகத்தான் போடுவார்கள். எல்லோருக்கும் எல்லோர் கையும் தெரிய வேண்டும். அக்கா கதை சொல்ல எழுந்தால் டீ ஆறிப்போகும்.

நான் அந்த வீட்டுக்கு வந்து நான்காவது மாதம், அக்கா காலையில் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

எழுந்து வருவாள். முகம் கழுவுவாள். சமையலறை முக்காலியில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொள்வாள். "நல்லாத் தூங்கினீங்களா?" தலையாட்டல். "டீ போடட்டுமா?" தலையாட்டல். டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அணைத்துப் பிடித்துக் குடித்துவிட்டு, ஒன்பது மணிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் ஏழரைக்கே கிளம்பிவிடுவாள். எட்டு மணிக்கு மேல், நான் வேலை பார்க்கும் நூலகத்துக்குப் போகிற வழியில் கடையின் பின்னறைச் சன்னலைத் தாண்டினால், உள்ளிருந்தே கையை வீசிப் பேசுவாள். சாயங்காலம் திரும்பி வரும்போது முழுக்கப் பழைய அக்கா. கடைக்கு வந்தவர்களில் யார் யார் எப்படிப் பார்த்தார்கள், யார் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு தேடினார்கள், எல்லாம் வரும். மறுநாள் காலை மறுபடி அதே தலையாட்டல்.

ஆக, காலை எட்டு மணி வரை கோபம். அதுவும் சமையலறையில். எனக்குக் காரணம் புரிந்துவிட்டது என்றே நினைத்தேன். இருபது வருடம் அவள் ஆண்ட இடத்தில் நான் வந்து நின்று அடுப்பைப் பற்றவைக்கிறேன் அல்லவா?

நூலகத்தில் என்னோடு வேலை பார்ப்பவளிடம் சொல்லிப் புலம்பினேன். "நாத்தனார் கோபம் எட்டு மணிக்கே தீர்ந்துபோகுதா? என் நாத்தனாருக்குப் பதினோரு வருஷமா தீரல. போய் வேலையைப் பாரு" என்றாள்.

சமாதான முயற்சிகளில் இறங்கினேன். நான் இடம் மாற்றிய டப்பாக்களைப் பழைய வரிசையிலேயே வைத்தேன். கோபம் தீரவில்லை. ஒருவேளை புது வரிசைதான் பிடித்திருந்ததோ என்று மறுபடி மாற்றினேன். தீரவில்லை. போதாக்குறைக்கு இன்னொன்றும் சேர்ந்தது. சைகையில் ஒற்றை விரலை நீட்டினால் 'நீ'. விரித்த கையை நீட்டினால் 'நீங்க'. அதுவரை என்னை ஒற்றை விரலால் உரிமையோடு குத்திக் குத்திப் பேசியவள், இப்போது முழுக் கையையும் விரித்து நீட்டினாள். மரியாதை வந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அக்காவுக்கு என்னைப் பிடிக்கல" என்றேன் கணவரிடம்.

"தூக்கக் கலக்கமா இருக்கும். நீயா ஏதாவது கிளப்பாதே."

"அஞ்சு மாசமாவா தூக்கக் கலக்கம்?"

அவர் பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிறு சங்கத்துக்கு நானும் போயிருந்தேன். அக்கா எழுந்து, பேருந்தில் தன் பற்செட்டைத் தொலைத்த ஒரு பெரியவரின் கதையைத் தொடங்கினாள். பத்துத் தடவை பார்த்த கதை. பதினோராம் தடவையும் சிரிப்பார்கள். ஆனால் அன்றைக்குப் பின்வரிசையில் ஒருவர் கையை உயர்த்தி, 'புரியல, மறுபடி' என்றார். அக்கா மறுபடி சொன்னாள். இன்னொருவர், 'யாரு தொலைச்சது?' என்றார். அவளுடைய பழைய தோழியான தையல்காரி எழுந்து நின்று, "என்னடி, குடிச்சிட்டு வந்தியா? கை குழறுது!" என்றாள். அறையே அதிர்ந்து சிரித்தது. அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்துவிட்டாள். பெரியவரின் பற்செட் கிடைக்கவேயில்லை. அக்கா ஒரு கதையைப் பாதியில் விட்டதை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை.

திரும்பி வரும் வழியில்தான் அந்தக் கைகளைச் சரியாகப் பார்த்தேன். விரல்களின் நடுக்கணுக்கள் உருண்டு திரண்டிருந்தன. புறங்கையில் முட்டிகளுக்கு இடையே இருக்க வேண்டிய பள்ளங்கள் மேவிப்போயிருந்தன. தொட்டேன். சூடாக இருந்தது. வெடுக்கென்று இழுத்துக் கைப்பைக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் பின்னாலேயே கடைக்குப் போனேன். முதலாளி அப்போதுதான் வந்து முன்பக்க அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இப்பல்லாம் அதுதான் கடையைத் திறக்குது. சாவியையே கொடுத்துட்டேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, எதற்குத் தாழ்த்தினார் என்று தெரியவில்லை, "ஆனா திருகாணியெல்லாம் கீழே கொட்டுதும்மா. காந்தத்தை வச்சுக்கிட்டுத் தரையில தேடுறதுதான் இப்ப என் உத்தியோகம். திருகாணி முடுக்குற திருப்புளியைப் பிடிச்சுப் பிடிச்சுத்தான் விரல் வீங்கிருக்கணும்" என்றார்.

பின்னறையில் அக்கா இரண்டு கைகளையும் சூடான மணி அடுப்புக்கு மேலே காட்டிக்கொண்டு நின்றிருந்தாள், குளிர் காய்கிறவளைப் போல. என்னைக் கண்டதும் முகம் மாறியது. விரல்களை மெதுவாக மடக்கி, நீட்டி, மடக்கி, கடைசியில் பேசினாள்.

"யார் வரச் சொன்னது?"

"எத்தனை நாளா இப்படி?"

"அஞ்சு மாசம் இருக்கும்."

"டாக்டர்கிட்ட போகாம?"

"போனேன். தனியா. சீட்டுல எழுதிக் கொடுத்தார். கையை ரெண்டு மாசம் அசைக்கக் கூடாதாம். கட்டுப் போட்டுடலாமாம். சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு வந்துட்டேன்."

"ஏன்க்கா?"

"ரெண்டு மாசம் வாயைத் தைச்சுக்கிட்டு இருன்னு சொன்னா யாராவது இருப்பாங்களா? என்னைப் பார்க்கிறவங்க எல்லாரும் ஊமைன்னு சொல்வாங்க. நான் ஒரு நாள்கூட ஊமையா இருந்ததில்லை. இனிமே ஆயிடுவேனோன்னுதான்..." அவளால் முடிக்க முடியவில்லை. கை வலித்ததா, வேறு ஏதாவதா என்று நான் கேட்கவில்லை.

மூட்டுநோய்களை மட்டுமே பார்க்கும் ஒரு பெண் மருத்துவர் இருப்பதைத் தேடிப் பிடித்தேன். அழைத்துப் போவதற்குள் அக்கா நூறு சத்தியம் வாங்கினாள்: கட்டுப் போடச் சொன்னால் நாம் எழுந்து வந்துவிட வேண்டும்.

மருத்துவர் ஒவ்வொரு கணுவாக அழுத்திப் பார்த்தார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"வயசானா வர்ற தேய்மானம்னா பெரும்பாலும் நகத்துக்குப் பக்கத்துல இருக்கிற நுனிக் கணுவுல முடிச்சு விழும். இவங்களுக்கு நுனி நல்லாயிருக்கு. நடுவும் அடியும்தான் வீங்கியிருக்கு. அதுவும் ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி" என்றார்.

"திருப்புளி பிடிக்கிறதாலன்னு கடை முதலாளி சொல்றார்."

"வலது கை மட்டும்னா அது மேல பழி போடலாம். இடது கை என்ன பாவம் பண்ணுச்சு?"

நான் அதைச் சைகையில் சொன்னதும் அக்காவுக்கு மருத்துவரைப் பிடித்துப்போயிற்று.

"சரி, காலையில எழுந்ததும் விரல் எப்படி இருக்கு? விறைப்பு இருந்தா எவ்வளவு நேரம் இருக்குது?"

அக்கா விளக்கினாள். "எழுந்ததும் பத்து விரலும் மரக்கட்டை. எட்டு மணி வரைக்கும் ஒரு வார்த்தை பேச முடியாது. கடைக்கு ஓடி மணிச் சூட்டுல காட்டினாத்தான் கை திறக்கும்."

நான் மொழிபெயர்த்திருக்க வேண்டும். மருத்துவரை மறந்துவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினேன்.

"அப்போ எம்மேல கோபம் இல்லையா?"

"கோபமா? எதுக்கு?"

"அஞ்சு மாசமா காலையில எங்கிட்ட பேசலையே!"

"எதால பேசுறது? காலாலயா?"

"அப்புறம் எதுக்கு என்னை 'நீங்க'ன்னு சொன்னீங்க?"

"விரல் மடங்கினாத்தானேடி 'நீ'ன்னு சொல்ல முடியும்! நான்தான் நீ எம்மேல கோபமா இருக்கேன்னு நினைச்சேன். தினமும் டப்பாவை மாத்தி மாத்தி வச்சியே, அது எதுக்கு?"

"உங்களைச் சமாதானப்படுத்த."

"கடவுளே. உனக்குத்தான் திருகாணி கழண்டிருக்குன்னு நான் பயந்துபோயிருந்தேன்!"

மருத்துவர் பேனாவால் மேசையைத் தட்டினார். "அம்மா, எனக்கும் கொஞ்சம் சொல்லுங்க. ரெண்டு பேரும் சண்டை போடுறீங்களா, நோயைச் சொல்றீங்களா?"

சொன்னேன். சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரு மணி நேரத்துக்கு மேல காலை விறைப்பு. எனக்கு வேண்டிய முக்கியமான தடயம் இதுதான். மத்தவங்கன்னா முதல் வாரமே காலையில உட்கார்ந்து புலம்பியிருப்பாங்க. பாவம், இவங்களுக்குப் புலம்புறதுக்கும் அதே கைதான் வேணும்" என்றார்.

ரத்தப் பரிசோதனையும் கைகளின் எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். அடுத்த வாரம் முடிவு வந்தது: முடக்குவாதம். "உடம்பைக் காவல் காக்க வேண்டிய சக்தி, திருடன்னு நினைச்சு வீட்டுக்காரரையே போட்டு அடிக்குது. அதுல மூட்டுக்கு உள்ளே இருக்கிற மெல்லிசான சவ்வு வீங்குது. விட்டுவச்சா எலும்பை அரிச்சு விரலைக் கோணலாக்கிடும். இவங்களுக்கு எலும்பு இன்னும் அரிக்கல. நல்ல நேரத்துல வந்தீங்க."

அக்கா என்னை இடித்தாள். "நிறையப் பேசினதால வந்துச்சான்னு கேளு."

கேட்டேன். "இல்லவே இல்லை. ஏன் வருதுன்னு முழுசாத் தெரியாது. பரம்பரை கொஞ்சம் காரணமா இருக்கலாம், புகைபிடிக்கிறவங்களுக்கு வாய்ப்பு அதிகம். பேச்சால வரும்னா ஊர்ல பாதிப் பேருக்கு நாக்கு வீங்கியிருக்கணுமே!"

அக்கா அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அவள் கண் என் கையை விட்டு அகலவில்லை. பிறகு, வந்த நாளிலிருந்து மென்று விழுங்கிக்கொண்டிருந்த கேள்வியைக் கேட்டாள். "கையைக் கட்டுவீங்களா?"

"பகல்ல மாட்டேன். வீக்கம் வடியுற வரைக்கும் தூங்கும்போது மட்டும் ஒரு பட்டை. பகல்ல தாராளமாப் பேசுங்க, அது விரலுக்குப் பயிற்சி. வலி கூடினா மட்டும் கொஞ்சம் நிறுத்துங்க."

"எனக்குத் தூக்கத்துல பேசுற பழக்கம் இருக்கே?"

"அதைக் காலையில பேசிக்கோங்க" என்றார் மருத்துவர்.

முக்கியமான மாத்திரை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். தினமும் போட்டால் ஆபத்து என்று மருத்துவர் மூன்று முறை சொல்லி, மூன்று முறையும் என் கையிலிருந்து அது அக்காவுக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்த்தார். அக்கா புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்து நாட்காட்டியில் புதன் தோறும் ஒரு திருகாணி வரைந்தாள். மறுநாள் வயிற்றைப் புரட்டும். இடையில் ஒரு நாள் சத்து மாத்திரை. முதல் சில வாரம் வீக்கத்தை அடக்க வேறொரு மாத்திரை, படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதற்கு. அவ்வப்போது ரத்தம் எடுத்துக் கல்லீரலையும் ரத்த அணுக்களையும் பார்த்தார்கள். பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம் என்றார்கள்.

என் கணவர் கரண்டி, சீப்பு, வாளிக் கைப்பிடி என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் பஞ்சுக் குழாய் மாட்டினார். முதலாளி திருப்புளியின் பிடியில் நாடாவைச் சுற்றிச் சுற்றி வெள்ளரிக்காய் மொத்தத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

காலைகள் எனக்குக் கிடைத்தன. அக்கா வெதுவெதுப்பான தண்ணீரில் கைகளை அமிழ்த்திக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருப்பாள். அவள் பேச முடியாது, நான் பேசலாம். நூலகத்துக் கதை, என் பள்ளிக்கூடத்துக் கதை, அவள் தம்பியைப் பற்றிய புகார்கள், எல்லாவற்றையும் அவள் முன் கொட்டினேன். அதுவரை என் சைகை டிவி செய்தியாகத்தான் இருந்தது. அந்தக் காலைகளில்தான் அது பேச்சானது. நடுவில் அவளிடம் யோசனையும் கேட்பேன். சன்னல் திரையை மஞ்சளாக்கலாமா? தலையாட்டல். டீயில் சர்க்கரையைக் குறைக்கலாமா? தலையாட்டல். கூடத்தில் இருக்கும் அந்தக் கால் ஆடுகிற நாற்காலியை யாருக்காவது கொடுத்துவிடலாமா? தலையாட்டல். எவ்வளவு அனுசரணையான நாத்தனார் என்று பூரித்துப்போனேன்.

விறைப்பு எட்டு மணியிலிருந்து ஏழரைக்கு இறங்கியது. பிறகு ஏழுக்கு. புறங்கைப் பள்ளங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

பதினோராவது வாரம் ஒரு வியாழக்கிழமை. மணி ஆறேகால். நான் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். அக்கா வந்து என் தோளைத் தட்டினாள். திரும்பினேன். ஒற்றை விரல் என் மூக்குக்கு நேராக நீண்டிருந்தது. மற்ற நான்கும் மடங்கியிருந்தன.

"நீ! அந்த மஞ்சள் திரையை இன்னைக்கே கழட்டு. பார்த்தாலே காமாலை வந்த மாதிரி இருக்கு."

"நீங்கதானேக்கா சரின்னீங்க?"

"எப்பச் சரின்னேன்? தலையாட்டினேன். வேற என்ன பண்ண முடியும்? இந்த டீயை மனுஷன் குடிப்பானா? சர்க்கரையைக் காட்டிட்டு எடுத்துட்டியா? என் நாற்காலியை யாருக்குடி கொடுத்த?"

"அது ஆடுச்சு!"

"நாற்காலியில அஞ்சே நிமிஷ வேலை. ஒரு திருகாணி! யார் வீட்டுல இருந்துக்கிட்டு என்ன பேசுற!"

நானும் விடவில்லை. அவள் ஈரத் துண்டைக் கதவில் போடுவதைச் சண்டைக்குள் இழுத்தேன். அவள் நான் வாசலைப் பூட்டாமல் போவதை இழுத்தாள். மூன்று மாதத் தலையாட்டலையும் ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கினாள். உள்ளங்கையில் உள்ளங்கை அறையும் சத்தம் தவிர வீட்டில் வேறு சத்தமில்லை. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. என் கணவர் பாதி முகத்தில் சவர நுரையோடு ஓடி வந்தார்.

"என்ன ஆச்சு?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பி, "நீங்க போங்க", "நீ போ" என்றோம். அவர் நகரவில்லை. அக்காவின் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். நுரை சட்டையில் சொட்டியது. அப்போதுதான் எனக்கும் மணி எத்தனை என்பது உறைத்தது. அக்காவுக்கும். மூன்று பேரும் கடிகாரத்தைப் பார்த்தோம். யார் முதலில் சிரித்தது என்று இன்றுவரை முடிவாகவில்லை.

அந்த ஞாயிறு சங்கத்தில், அக்காவின் கதையில் பெரியவருக்குப் பற்செட் கிடைத்தது. நாற்காலியையும் திரும்ப வாங்கி வந்தோம். வாங்கிப் போனவர், "நல்லாத்தானே உட்கார்ந்திருந்தோம்" என்று முணுமுணுத்தார்.

நோய் ஒரேயடியாகப் போய்விடவில்லை. பதினேழு வருடம் புதன்கிழமை மாத்திரையோடு இருந்தாள். இரண்டு முறை வீக்கம் திரும்ப வந்து மருந்தை மாற்ற வேண்டியிருந்தது. வலது சுண்டுவிரல் மட்டும் முழுதாக நிமிரவேயில்லை. எந்தச் சொல்லைச் சொன்னாலும் அது ஓரத்தில் கொக்கி போல் மடங்கி நிற்கும். "எனக்குக் கொஞ்சம் ராகம் சேர்ந்திருக்கு" என்பாள். அந்த ராகத்தோடுதான் ஞாயிறுதோறும் கதை சொன்னாள், சண்டை போட்டாள், சங்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களை முதல் நாளே அழ அழச் சிரிக்கவைத்தாள்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள்.

போன வாரம், அவளிடம் இருந்த சங்க அறைச் சாவியைக் கொடுத்துவிட்டு வரப் போனேன். உள்ளே ஒரு பெண் நாலைந்து பேரை உட்காரவைத்து ஏதோ பேருந்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியாத முகம், இருபத்தைந்து வயது இருக்கும். நல்ல கை. ஆனால் வலது சுண்டுவிரலை மடக்கியே வைத்திருந்தாள். கதை முடியும் வரை காத்திருந்து பக்கத்தில் போய், "விரல் வலிக்குதா? வீக்கம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன்.

அவளுக்குப் புரியவில்லை. விரலைப் படபடவென்று நீட்டி மடக்கிக் காட்டினாள். ஒன்றுமில்லை. "இல்லையே, 'பேருந்து'ன்னா இப்படித்தானே?" என்றாள். பக்கத்தில் இருந்தவர்களும் அப்படித்தான் என்றார்கள். எல்லோர் கையிலும் சுண்டுவிரல் மடங்கியிருந்தது.

நான் 'பேருந்து' என்று எனக்குத் தெரிந்தபடி செய்து காட்டினேன். அந்தப் பெண் தலையை அசைத்தாள். என் கையைப் பிடித்து, சுண்டுவிரலை மட்டும் மெதுவாக மடக்கிவிட்டு, "இப்பச் சரி" என்றாள்.